வேஸ்ட்கேட்டுக்குக் ‘கழிவு வாயில்’ வேண்டாம், ‘மறுகால் கதவு’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எரிந்த வாயுவால் ஒரு சுழலியைச் சுழற்றி இயந்திரத்துக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் டர்போ தொடர்பான கலைச்சொற்களைப் பற்றிய நம் குழும இழையில், அந்தச் சுழலி அளவுக்கு மீறிச் சுழலாதபடி வாயுவைப் பக்கவழியே திருப்பிவிடும் ‘வேஸ்ட்கேட்’ என்பதற்குக் ‘கழிவு வாயில்’ என்ற சொல்லே போதும் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்தச் சொல்லை அருள்கூர்ந்து நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே சொல்லை என் பட்டறைக் குறிப்பில் நான் எழுதி வைத்தேன். அதன் விளைவாக ஒரு பிஸ்டன் உடைந்தது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபின், வீட்டின் பின்புறத்தில் அக்காள் மகனோடு சேர்ந்து ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். தோட்டத்து லயங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நான்கைந்து பேர் மாலையில் வேலை பழக வருகிறார்கள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். பாகங்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் மலாயிலும் தடையின்றிச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தமிழில் விளக்கும்போதுதான் அவர்கள் முகம் தெளிகிறது. அவர்களுக்காகத்தான் தமிழில் குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய புரோட்டோன் வீரா. 1468 சிசி கொள்ளளவுள்ள 4ஜி15 இயந்திரம். செலவு 3,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிய வேண்டும் என்பது எங்கள் வரம்பு. பழைய ஜப்பானிய மகிழுந்துகளைப் பாதியாக அறுத்து இறக்கி விற்கும் ஹாஃப்கட் கடையில் ஒரு டிடி04 டர்போவைத் தேடி எடுத்தோம். இயந்திரத்தின் புகைவாய்களை டர்போவோடு இணைக்கும் மேனிஃபோல்டை, நீராவிக் குழாய்களுக்குப் பயன்படும் கனத்த இரும்பு எல்போக்களை, அதாவது வளைவுத் துண்டுகளை, வாங்கி நாங்களே பற்றவைத்தோம். பாய்லர் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவனுக்கு அந்த எல்போ எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது கைக்குத் தெரியும். இத்தகைய மாற்றங்களுக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும் என்பதையும், அதற்குரிய வேலையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும் என்பதையும் இதே வழியில் முயலும் நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

டர்போவின் பக்கவாட்டில் ஒரு சிறு குப்பி உண்டு. அதற்குள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. குப்பியிலிருந்து நீளும் கம்பி ஒரு நெம்புகோலை அசைக்க, அந்த நெம்புகோல் சுழலிக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு வட்டத் தகட்டைத் திறந்து மூடும். அமுக்கப்பட்ட காற்று வெளியேறும் இடத்திலிருந்து சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய் அந்தக் குப்பிக்கு வருகிறது. காற்றின் அழுத்தம் வில்லின் வலுவை மீறியதும் சவ்வு கம்பியைத் தள்ளுகிறது, தகடு திறக்கிறது, எரிந்த வாயுவில் ஒரு பகுதி சுழலியின் இறக்கைகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், சுழலிக்கு அப்பால் அதே புகைக்குழாயில் சேர்ந்துகொள்கிறது. அதனால் சுழலியின் வேகம் மேலும் ஏறாமல் நிற்கிறது. எங்கள் வில் 0.4 பார் அழுத்தத்துக்கு உரியது.

அந்த மெல்லிய குழாய் ஒருநாள் சூட்டில் வெடித்துவிட்டது. நான் ஊரில் இல்லை. என் அக்காள் மகன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். ‘கழிவு வாயில்: மிகுந்த வாயு வெளியேறும் வழி’ என்று நான் எழுதியிருந்தேன். கழிவு போகும் வழிக்குச் சுத்தமான காற்றின் பக்கத்திலிருந்து எதற்குக் குழாய் என்று எண்ணி, காற்று கசியாதபடி அந்த முனையை ஓர் ஆணியால் அடைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டான். குப்பிக்குக் காற்றழுத்தம் எட்டாததால் தகடு திறக்கவே இல்லை. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை நோக்கிய ஏற்றத்தில் அழுத்தமானியின் முள் 1 பாரைத் தாண்டியது. தகரச் சட்டியில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை கேட்டது. அடுத்து நீலப் புகை. இயந்திரத்தைப் பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு துண்டாக உடைந்து கிடந்தது.

“மாமா, நீங்க எழுதுனதத்தான் படிச்சேன்” என்றான். அவன் சொன்னது சரி. அவன் அறியாமல் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் அவனைப் பிழையான இடத்துக்குத்தான் அழைத்துச் சென்றது.

ஆங்கிலச் சொல்லிலுள்ள ‘வேஸ்ட்’ என்பதற்கு, சுழலியைச் சுழற்றியிருக்கக்கூடிய ஆற்றலை வீணே போகவிடுதல் என்று பொருள். நாம் அதைக் ‘கழிவு’ என்று மாற்றும்போது அது சாக்கடையையும் குப்பையையும் சேர்ந்த சொல்லாகிவிடுகிறது. தமிழில் கழிவு என்பது திரும்பிப் பாராமல் தள்ளப்படுவது. அதை அளந்து ஆள வேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லில் இல்லை. மேலும், புகைக்குழாயில் போகும் வாயு கழிவன்று, அதில் ஆற்றல் மிச்சமிருக்கிறது என்ற எண்ணத்திலிருந்தே டர்போ பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்றது அந்தக் கருத்துக்குத்தான். அத்தகைய கருவியின் மிக நுட்பமான பாகத்துக்குக் கழிவு என்று பெயரிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இழையில் வந்த மற்ற சொற்களையும் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். ‘பாதுகாப்பு வாயில்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாய்லரிலுள்ள பாதுகாப்பு வால்வு ஆபத்து வந்தால் மட்டும் திறக்கும். அது திறந்தால் ஆலையே திரும்பிப் பார்க்கும். வேஸ்ட்கேட் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு ஏற்றத்திலும், ஒவ்வொரு முந்தலிலும் திறந்து மூடுவது அதன் அன்றாட வேலை. ‘மிகைப்போக்கி’ என்பது நல்ல ஓசையுள்ள சொல்தான். ஆனால் புகைபோக்கி என்பதில் போல ‘போக்கி’ என்றால் வெளியே போய்விடுவது என்றே பையன்கள் கொள்கிறார்கள். அதனால் அந்த ஈற்றை, முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் அடைபட்ட காற்றை ‘உஸ்ஸ்’ என்று வெளியே விடுகிறதே, அந்த புளோஆஃப் வால்வுக்கு ஒதுக்கி, அதைக் ‘காற்றுப்போக்கி’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் இன்னும் கண்டதில்லை. ஒன்று எரிந்த வாயுவின் பக்கம், மற்றது புதிய காற்றின் பக்கம். பெயர்கள் நெருங்கியிருந்தால் குழப்பம் கூடும்.

இந்த இழையில் என்னை மிகவும் ஈர்த்தவை நீர்ப்பாசனத்திலிருந்து வந்த மூன்று சொற்கள். மதுரைப் பக்கத்து நண்பர் ‘கலிங்கு’ என்றார். கிளிநொச்சியிலிருந்து எழுதியவர், குளம் நிரம்பினால் தங்கள் ஊரில் ‘வான் பாய்கிறது’ என்பார்கள் என்றும், அதைத் திறந்துவிடும் அமைப்பு ‘வான்கதவு’ என்றும் எழுதினார். நெல்லைக்காரர் ஒருவர் போகிற போக்கில் ‘எங்கள் பக்கம் மறுகால் பாயும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரி மூன்று நாள்களாக என்னைவிட்டு அகலவில்லை.

கலிங்கு என்பது ஏரிக்கரையில் கட்டப்பட்ட கல் அமைப்பு. நீர்மட்டம் அதன் உயரத்தைத் தாண்டினால் தானே வழியும். கற்களுக்கிடையே பலகை செருகி மட்டத்தை உயர்த்துவார்களே தவிர, அதற்கென்று திறந்து மூடும் உறுப்பு கிடையாது. வேஸ்ட்கேட்டில் அசையும் தகடுதான் உயிர். வான்கதவு இந்தக் குறையை நீக்குகிறது, வேலைக்கும் மிகப் பொருந்துகிறது. இலங்கைத் தமிழர்கள் அதையே வைத்துக்கொண்டால் நான் மகிழ்வேன். ஆனால் இங்கே எங்கள் பிள்ளைகள் ‘வான்’ என்றதும் மேலே பார்க்கிறார்கள், அல்லது பள்ளிக்கூட வேனை நினைக்கிறார்கள்.

மறுகால் என்பது மிகுந்த நீர் செல்லும் மற்றொரு கால்வாய். நெல்லை மாவட்டத்தில் மறுகால்தலை என்றொரு ஊரே இருக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டால் அவ்வூரின் பெயரைப் பலரும் அறிவார்கள். மறுகாலில் பாயும் நீரை யாரும் கழிவு என்று சொல்வதில்லை. அது அடுத்த குளத்துக்குப் போகிறது. எரிந்த வாயுவும் அப்படித்தான் சுழலியைச் சுற்றிச் சென்று அடுத்த குழாயில் சேர்கிறது. ‘கால்’ என்பதற்குப் பழந்தமிழில் காற்று என்ற பொருளும் உண்டு என்பது இங்கே தானாக வந்து வாய்த்த பொருத்தம்.

சுங்கை சிப்புட்டில் குளம் எங்கே இருக்கிறது, மறுகாலை இந்தப் பிள்ளைகள் எப்படி அறிவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே எண்ணித் தயங்கினேன். ஆகவே சென்ற சனிக்கிழமை நல்ல மழை பெய்து ஓய்ந்ததும், பட்டறைக்குப் பின்னாலுள்ள வடிகாலில் மைலோ டின்னை வெட்டிச் செய்த ஒரு சிறு சக்கரத்தை நிறுத்தினேன். அதற்கு மேற்புறத்தில் கரையை வெட்டி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கீழே வந்து சேரும் ஒரு பக்க வாய்க்காலை மண்வெட்டியால் இழுத்து, அதன் வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்தேன். பலகையை மூடியபோது சக்கரம் வெறிபிடித்ததுபோல் சுழன்று தண்டிலிருந்து கழன்று போயிற்று. மீண்டும் மாட்டிவிட்டுப் பலகையைச் சற்றே தூக்கியதும் ஓட்டம் அடங்கி ஒரே சீராகச் சுழன்றது. “இந்தப் பக்க வாய்க்கால்தான் மறுகால், பலகைதான் மறுகால் கதவு, பலகையைப் பிடித்திருக்கும் என் கைதான் அந்தக் குப்பி” என்றேன். அப்போது ஒரு பையன், “உங்க கைக்கு எப்ப தூக்கணும்னு யாரு சொல்றது?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் என் அக்காள் மகனே, “அந்தச் சின்ன ட்யூப்தான்” என்றான்.

பாதையை ‘மறுகால்’ என்றும், தகட்டை ‘மறுகால் கதவு’ என்றும், குப்பியைக் ‘கதவு இயக்கி’ என்றும், மெல்லிய குழாயை ‘உணர்குழாய்’ என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘மறுகால்’ மீண்டும் என்ற பொருளிலும் பழைய நூல்களில் வருகிறதே என்றால், கதவு என்ற சொல் சேர்ந்தபின் அந்த ஐயம் எழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சொல்லோடு வினையும் சேர்ந்தே வருகிறது. ‘0.4 பாரில் மறுகால் பாயத் தொடங்கும்’, ‘மறுகால் அடைத்துக்கொண்டது’, ‘மறுகால் போதவில்லை, அகலப்படுத்து’ என்று பட்டறையில் இயல்பாகப் பேச முடிகிறது. ‘கழிவு வாயில்’ என்பதை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாக்கியம்கூட அமைக்க வரவில்லை.

டர்போவின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். இலத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழல்காற்று. பேச்சில் டர்போ என்பதே நிற்கட்டும். எழுத்தில் ‘சுழலியூட்டி’ என்பதை ஆதரிக்கிறேன். கோவைப் பொறியாளர் முன்வைத்த ‘காற்றழுத்தி’ எனக்கு உடன்பாடில்லை. சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கருவியோடு அது குழம்பும் என்பது சிறு காரணம். பெரிய காரணம், அழுத்தம் நமக்கு வேண்டிய பொருளே அன்று என்பது. 30 பாகை வெப்பமுள்ள காற்றை 0.4 பார் கூடுதலாக அழுத்தினால், இத்தகைய சிறிய அமுக்கியில் அது ஏறத்தாழ 75 பாகைக்குச் சூடேறிவிடும். அழுத்தம் ஐந்தில் இரண்டு பங்கு கூடியிருந்தாலும், சூட்டில் விரிந்துவிட்டதால் சிலிண்டருக்குள் புகும் காற்றின் நிறை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே கூடும். அந்தக் காற்றை இடைக்குளிர்ப்பியில் (இன்டர்கூலர்) 45 பாகைக்கு இறக்கினால் அந்தக் கூடுதல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. அழுத்தமானியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இயந்திரத்துக்கு எவ்வளவு காற்றை ஊட்டினோம் என்பதே கேள்வியாக இருப்பதால், பெயரும் ஊட்டுவதைச் சொல்ல வேண்டும். இடைக்குளிர்ப்பி என்ற சொல் இருக்கட்டும். அதில் எனக்கு வழக்கில்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மறுகாலின் வாயிலுள்ள அடைப்புக்குத் தனிப்பெயர் ஏதும் வழங்குகிறதா? ‘கதவு’ என்பதைவிடப் பொருத்தமான உள்ளூர்ச் சொல் இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளலாம். புதிய குறிப்பேட்டில் அந்த ஓரிடத்தை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பழைய ஃபிட்டர்