சாவி ரயில் ஒரு மீட்டர் ஓடி நிற்கிறது, 115 வோல்ட் டிரான்ஸ்பார்மரை என்ன செய்வது?

குளுவாங்_தகரம் கேட்டது:

வணக்கம். தோட்டத்துத் துரை பங்களா ஸ்டோரில் கிடந்த ஒரு மரப்பெட்டி கைக்கு வந்திருக்கிறது. உள்ளே முழுக்கப் பழைய விளையாட்டு ரயில் சாமான். துருவும் பூஞ்சணமும் ஏறியிருக்கிறது. கை வைத்துக் கெடுப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஹார்ன்பி (பிரிட்டிஷ் பொம்மை ரயில்) ஓ கேஜ் (தண்டவாள அகலம் 32 மி.மீ.) சாவி எஞ்சின் ஒன்று, கறுப்பு, பக்கத்தில் 82011 என்று எண். தகரத் தண்டவாளம்: வளைவு 9, நேர் 6. தகர சிக்னல் 2, லெவல் கிராசிங் 1. ஈயத்தில் வார்த்த போர்ட்டர், கார்டு பொம்மைகள் 5. இவற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல் அமெரிக்க லயனல் 145 கேட்மேன் குடிசை ஒன்று (ரயில் வந்தால் ஆள் கதவைத் திறந்துகொண்டு லாந்தரோடு வெளியே வருவாரே, அது), கூடவே லயனல் 1033 டிரான்ஸ்பார்மர்.

எஞ்சினுக்குச் சாவி கொடுத்தால் ஒரு மீட்டர் போய் நின்றுவிடுகிறது. ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் கொடுத்தால் சில சமயம் 'கிர்ர்' என்று சாவி கையிலேயே பின்னால் திரும்புகிறது. வளைவுகளைச் சேர்த்தால் வட்டம் கூடவில்லை. பொம்மைகளில் இரண்டின் மேல் வெள்ளைப் பொடி. டிரான்ஸ்பார்மரில் 115 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று போட்டிருக்கிறது; நம் மலேசிய வீட்டுப் பிளக்கில் நேரே சொருகலாமா? துருவுக்கு WD-40 அடிக்கலாமா? முழுதாகப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் என்ன?

---

சாவிமுடுக்கி:

பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அச்சடித்த தகரத்தின் மேல் புதுப் பெயின்ட் ஏறினால், பிறகு அதை உரிக்கும்போது அடியிலுள்ள அச்சும் சேர்ந்தே வரும். திரும்பி வர வழியில்லை.

82011 ஹார்ன்பியின் டைப் 40 டாங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தானே சுமக்கும் வகை), 1950களின் சரக்கு. அந்த எண் உள்ள அசல் எஞ்சின் வகையை இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1952இலிருந்துதான் கட்டினார்கள், அதனால் பொம்மை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அசலுக்கு 2-6-2 சக்கரம் (முன்னே 2, நடுவே 6, பின்னே 2), பொம்மைக்கு நாலே சக்கரம். எண்ணை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஒரு மீட்டரில் நிற்பது அநேகமாகக் காய்ந்துபோன எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ விட்டிருப்பார்கள். அது சில வருடத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். சோதிக்க, எஞ்சினைக் கையில் தூக்கிப் பிடித்துச் சாவி கொடுத்து விடுங்கள். தூக்கிப் பிடித்தும் மெதுவாகச் சுற்றி நின்றால் கோளாறு உள்ளே. காற்றில் நன்றாகச் சுற்றித் தண்டவாளத்தில் மட்டும் நின்றால், சக்கர அச்சில் சுற்றியிருக்கும் முடி, நூல், வளைந்த இணைப்புத் தண்டு, அல்லது கோணலான தண்டவாளத்தைப் பாருங்கள்.

'கிர்ர்' என்று திரும்பக் காரணம், ரேச்செட் சக்கரத்தை (ஒரு பக்கம் மட்டும் சுழல வேண்டிய பற்சக்கரம்) பிடிக்கும் நாக்கு. அதைத் தள்ளிப் பிடிக்கிற சின்னக் கம்பி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பிசினில் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஸ்பிரிங் கழன்றிருந்தால் அறிகுறி வேறு: எத்தனை சுற்றுக் கொடுத்தாலும் இறுகாது, நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உங்களுடையது அதுவல்ல. நல்ல வேளை. ஆனால் சரிசெய்யும்வரை நாலு சுற்றுக்கு மேல் கொடுக்காதீர்கள், திரும்புகிற சாவி விரலைப் பதம் பார்த்துவிடும்.

கழுவும் முறை: முதலில் ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிட்டு இறக்குங்கள். முறுக்கு இருக்கும்போது எதையும் கழற்றக் கூடாது. திருகைக் கழற்றி உள்மிஷினை உடலிலிருந்து எடுங்கள். எங்காவது மடித்த தகர நாக்கு தடுத்தால் தேவையான அளவு மட்டும் நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். மிஷினை மட்டும் சுத்தமான மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் பற்சக்கரங்களைத் தேயுங்கள். அழுக்கு நிற்கும்வரை மண்ணெண்ணெயை மாற்றுங்கள். வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு உடலில் பட்டாலும் பெயின்ட் குமிழ்ந்துவிடும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொரு அச்சு நுனிக்கும் ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ் கொஞ்சம். ஸ்பிரிங்கைக் கூண்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம், அது சவரக் கத்தி மாதிரி வீசும். சக்கர விளிம்பில் எண்ணெய் படவும் கூடாது, பட்டால் சாவி இருந்தும் சக்கரம் வழுக்கும்.

WD-40 தண்ணீரை விரட்டும், இறுகிய திருகை இளக்கும். பற்சக்கரத்துக்கு அது எண்ணெய் ஆகாது. ஆவியாகிப் போய், மீந்த படலம் தூசியைப் பிடிக்கும்.

திருகு தொலைந்தால் ஹார்ட்வேர் கடை M4ஐ (4 மி.மீ. மெட்ரிக் திருகு) திணிக்காதீர்கள். ஹார்ன்பியைச் செய்த மெக்கானோ நிறுவனத்தின் காலத்துத் திருகு 5/32 அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் புரி அளவு), விட்டம் 3.97 மி.மீ., அங்குலத்துக்கு 32 புரி, அதாவது ஒரு புரி 0.79 மி.மீ. M4க்கு ஒரு புரி 0.7. முதல் இரண்டு சுற்று நன்றாகவே போகும், பிறகு மரையைத் தின்றுவிடும். மெக்கானோ மாற்றுத் திருகு என்று கேட்டு வாங்குங்கள்.

வட்டம் கூடாததற்குக் காரணம், இரண்டு வகை வளைவு கலந்திருப்பது. 1 அடி ஆரத்துக்கு 6 துண்டு ஒரு வட்டம், 2 அடி ஆரத்துக்கு 12 துண்டு. இரண்டு துண்டும் நீளத்தில் ஏறக்குறைய ஒரு அடிதான், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், வளைவு வித்தியாசம் உடனே தெரியும். இந்த எஞ்சின் 1 அடி வளைவிலேயே திரும்பும்.

---

மின்தச்சன்:

1033ஐ நம் பிளக்கில் சொருகவே கூடாது. 115 வோல்ட்டுக்குச் சுற்றிய காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) 240 கொடுத்தால் உள்ளிருக்கும் இரும்பு பூரிதமாகி, மின்னோட்டம் பல மடங்கு எகிறும். சில நொடியில் புகை. அதை விட முக்கியம், அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை இப்போது பிஸ்கட் மாதிரி உதிரும். மடக்கிப் பாருங்கள், வெடித்தால் அந்த டிரான்ஸ்பார்மர் அலமாரிக் காட்சிப் பொருள்.

'240ஐ 110 ஆக்கும் பெட்டி வாங்கி அதில் சொருகலாம்' என்று யாராவது சொல்வார்கள். வோல்ட் சரியாகும், சைக்கிள் 50தான். 60க்குச் செய்த இரும்பில் 50 ஓடினால் காந்தப் பாய்ச்சல் 20 விழுக்காடு கூடும். 115க்குப் பதில் 110 கொடுப்பதால் அதில் கொஞ்சம் குறைந்து சுமார் 15 விழுக்காட்டில் நிற்கும். சும்மா இருக்கும்போதே சூடாகும். ஒரு குடிசைக்காக இவ்வளவு தேவையா?

கேட்மேனுக்கு வேண்டியது 10 முதல் 14 வோல்ட் ஏசி மட்டும். இரும்புக் கருவுள்ள 12 வோல்ட் ஹாலஜன் விளக்கு டிரான்ஸ்பார்மர், 50 VA, நன்றாகத் தாங்கும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். இறகு மாதிரி லேசாக இருந்தால் அது எலக்ட்ரானிக் வகை. அதிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான சைக்கிள், காயில் அசையாது. சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டு உள்ளதாகப் பாருங்கள். 13 ஆம்பியர் பிளக்கிலிருக்கும் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். 12 வோல்ட் பக்கத்திலும் ஒரு 2 ஆம்பியர் ஃபியூஸ்.

குடிசையின் அடியில் முனைகள் இருக்கும்: பொது, விளக்கு, காயில். எது எது என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எப்போதும் எரியலாம். காயிலுக்கு மட்டும் ரயில் வரும்போது மின்சாரம். ஆள் பாதி வழியில் நின்று 'ர்ர்ர்' என்று அதிர்ந்தால் கதவுக் கீலிலோ காயிலுக்குள் ஏறி இறங்கும் இரும்புத் தண்டிலோ அழுக்கு. அந்தத் தண்டுக்கு எண்ணெய் போடாதீர்கள், துடைத்துக் காய்ந்தபடி விடுங்கள்.

லயனலின் சொந்த சுவிட்ச், தண்டவாளத்துக்கு அடியில் வைத்து ரயிலின் எடையால் அமுங்குவது. உங்கள் தகர எஞ்சின் அதற்குப் போதிய கனம் இல்லை. அதனால் எஞ்சினின் அடியில் ஒரு சின்னக் காந்தம், தண்டவாளத்தின் நடுவே இரண்டு கட்டைகளுக்கு இடையில் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்டே வந்தால் இணைகிற சுவிட்ச்) வையுங்கள். இடைவெளி 10 மி.மீ.க்குள். தகரக் கட்டைக்கு அடியில் வைத்தால் தகரம் காந்தத்தை விழுங்கிவிடும். ரீட் சுவிட்சைக் காயிலோடு நேரே கோர்த்தால் உள்ளிருக்கும் தகடு தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் 12 வோல்ட் டிசி டைமர் ரிலே வையுங்கள், ஒருமுறை தொட்டால் 5 நொடி பிடித்துவிட்டு விடுகிற முறையில். ரயில் அங்கேயே நின்றுபோனாலும் காயில் வேகாது. ரிலேவுக்குத் தனி டிசி அடாப்டர், ரிலேவின் தொடர்பு வழியாக ஏசி.

---

பகாவ்_அலமாரி:

வெள்ளைப் பொடி ஈயத்தின் அரிப்பு. காரணம் பெரும்பாலும் அந்த மரப்பெட்டியேதான். மரமும் பிளைவுட்டும் அசிட்டிக், பார்மிக் அமில ஆவியை விடும், மூடிய பெட்டியில் ஈயம் அதைக் குடிக்கும். பொடியை ஊதாதீர்கள், அது நச்சு. கையுறை போட்டு, ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிள்ளைகள் கைக்குக் கொடுக்க வேண்டாம். மற்ற மூன்று பொம்மைகளையும் இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள்.

இன்னொன்று. கித்தாப் பால் (ரப்பர் மரத்துப் பால்) உறைய வைக்கிற அமிலம் துருவை எடுக்கும் என்று தோட்டத்துப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதுவும் பார்மிக் அமிலம்தான். தகரத்தில் தடவினால் பூச்சையும் சேர்த்து அரித்துவிடும்.

லெவல் கிராசிங்கில் படம் அச்சடித்த இடத்தைப் பஞ்சுக் குச்சியில் வெறும் தண்ணீர் தொட்டு, கண்ணில் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள். குச்சியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறாவிட்டால் துளி பாத்திரச் சோப்பு சேர்க்கலாம். உடனே துடைத்து மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், கார் பாலிஷ் இரண்டும் அச்சைச் சுரண்டும். வெறும் இரும்பு தெரிகிற துருவுக்கு மட்டும் மிக மெல்லிய 0000 ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு லேசாகத் தேயுங்கள். பிறகு, தேய்ப்புத் துகள் கலக்காத மெழுகு ஒரு பூச்சு.

வைக்க இடம்: கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரி, ஈரப்பதம் 45 விழுக்காட்டில். அது இல்லையென்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். பழைய நாளிதழில் சுற்றாதீர்கள். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள், நம் வெக்கையில் உருகிப் பெயின்ட்டோடு ஒட்டிவிடும்.

---

குளுவாங்_தகரம்:

எல்லாருக்கும் நன்றி. மண்ணெண்ணெயில் போட்டதும் தார் மாதிரிக் கறுப்பாக இறங்கியது, மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது தூக்கிப் பிடித்தால் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் 'கிர்ர்' போகவில்லை. நாக்கை விரலால் அழுத்திப் பிடித்தால் திரும்பவில்லை. இன்னொரு சந்தேகம்: இந்தத் தண்டவாளத்தில் நம் மலாயா ரயில் மாதிரி ஏதாவது செய்து ஓட்டலாமா?

---

சாவிமுடுக்கி:

அப்படியென்றால் நாக்கின் முனை தேயவில்லை, தள்ளுகிற கம்பி ஸ்பிரிங்தான் தளர்ந்திருக்கிறது. சின்ன மூக்குக் குறடால் கம்பியைத் துளி உள்பக்கம் வளையுங்கள், 1 மி.மீ. போதும். அதிகம் வளைத்தால் சாவி கொடுக்கவே கனக்கும். கம்பி ஒடிந்தால் அதே தடிப்பில் கிட்டார் தந்தி எடுத்து வளைத்துப் போடலாம். தந்தி எஃகு, வளைவு நிற்கும். சாதாரணக் கட்டுக் கம்பி நிற்காது.

---

பகாவ்_அலமாரி:

மலாயா ரயில் அகலம் 1000 மி.மீ. ஓ கேஜ் 32 மி.மீ. என்பது 1:43.5 அளவில் (அசலில் 43.5இல் ஒரு பங்கு) ஏறக்குறைய ஐரோப்பாவின் 1435 மி.மீ. அதே அளவில் நம் பாதைக்கு 23 மி.மீ. வரவேண்டும், ஆகவே இந்தத் தண்டவாளம் பொருந்தாது. மலாயா எஞ்சின் வேண்டுமென்றால் 1:87 அளவில் 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட அச்சு அசல். செம்பனைத் தோட்டத்து 2 அடிச் சின்ன ரயில் என்றால் 1:76 அளவில் 9 மி.மீ. தண்டவாளம், கொஞ்சம் அகலம் கூடும், பார்வைக்குத் தெரியாது. ஹார்ன்பியை ஹார்ன்பியாகவே ஓடவிடுங்கள்.