ஒலி எழுப்பும் சிக்னல்: மனுவில் என்ன கேட்பது?

வெண்கோல்:
எனக்குப் பார்வை அறவே இல்லை. அலுவலகம் போகும் வழியில் ஒரு நாற்சந்தி. அங்கே நடப்போருக்குப் பச்சை விழுந்ததும் ஒலிக்கிற சிக்னல் இருந்தது. உயரத்தில் ஒற்றை ஸ்பீக்கர், தெருவே அதிரும். இரவில் தூங்க முடியவில்லை என்று சுற்றியுள்ள வீட்டார் புகார் கொடுத்ததும் அணைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் தினமும் யாராவது கை கொடுப்பார்களா என்று ஓரத்தில் நிற்கிறேன். அது ஒலித்த காலத்திலும் எந்தச் சாலைக்குப் பச்சை என்பது புரியாது. மறுபடி கேட்டு மனு எழுதுகிறேன். எப்படிக் கேட்டால் சரியாக வைப்பார்கள்?

நடைப்பயிற்றுநர்:
ஐயா, பார்வையற்றவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. உயரத்து ஸ்பீக்கரே வேண்டாம் என்று எழுதுங்கள். கடக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பம், அதில் இடுப்பளவு உயரத்தில் பொத்தான். ஒரே முனையில் இரண்டு கம்பங்கள் வந்தால் நடுவே 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எது ஒலிக்கிறது என்று காது தடுமாறும். சிவப்பின்போது விநாடிக்கு ஒரு 'டிக்', கம்பத்தைத் தேடிப் பிடிக்க. சில அடி தூரத்துக்குக் கேட்டால் போதும். பச்சையில் அதே ஒலி படபடவென்று வேகமெடுக்கும். பொத்தானில் புடைத்த அம்புக்குறி கடக்கும் திசையைக் காட்டும். பச்சையில் அது அதிரும். காதும் கேளாதவர்களுக்கு அந்த அதிர்வுதான் வழி. சுற்றுச் சத்தத்தை அளந்து ஒலி தானே ஏறி இறங்கும் கருவியாகக் கேளுங்கள். இரவில் தெரு அடங்கினால் அதுவும் தணியும். அண்டை வீட்டாருக்கும் தொல்லை இராது.

லண்டன்வாசி:
இங்கே பல கடவைகளில் ஒலியே கிடையாது. பொத்தான் பெட்டியின் அடியில் விரல் நுனிக்கு அடங்கும் சிறு கூம்பு இருக்கும். பச்சை விழுந்ததும் சுழலும். கிளாக்கோமாவில் பார்வை இழந்த என் அம்மா அதைப் பிடித்தபடி நிற்பார். நான் நிமிர்ந்து விளக்கைப் பார்ப்பதற்குள் அவர் காலெடுத்து வைத்துவிடுவார். பக்கத்துக் கடவையின் ஒலியைத் தமது என்று எண்ணி யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதால்தான் அத்தகைய இடங்களில் ஒலியைத் தவிர்த்து இதை வைக்கிறார்கள். மனுவில் இதையும் சேருங்கள் அண்ணா.

சட்டத்துணை:
2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், போக்குவரத்து வசதி பற்றிய 41ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். சாலைகளும் அதில் வருகின்றன. பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். நியூயார்க்கில் பார்வையற்றோர் வழக்குத் தொடுத்து 2020இல் வென்றார்கள். ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் இந்தக் கருவிகளை வைக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

வெண்கோல்:
எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒன்றை முதல் கோரிக்கையாக வைக்கப்போகிறேன்: நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள். எனக்குப் பச்சை விழும்போதும் அவை வந்துகொண்டே இருக்கின்றன. மின்சார ஸ்கூட்டர் என்றால் முழங்காலை உரசும்போதுதான் தெரிகிறது. ஒலியை நம்பி இறங்குகிறவனுக்கு அந்தச் சில விநாடிகளாவது அவற்றுக்கும் சிவப்பு விழ வேண்டும். அது இல்லாமல் கருவியை மட்டும் வைத்தால் எங்களை வண்டிக்கு முன்னால் அழைத்துவிடுவதாகவே ஆகும். வரைவை நாளை இங்கே இடுகிறேன், விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.