வேகத்தைக் குறைக்கும்போது என்ஜின் நின்றுவிடுகிறது: பெட்ரோல் பம்பை மாற்றலாமா?

திருப்பூர் ஓட்டி
அனைவருக்கும் வணக்கம். சிக்னலை நெருங்கும்போதோ வேகத்தடைக்கு முன்போ வேகத்தைக் குறைத்தால் என் காரின் என்ஜின் தானாக நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. பணிமனையில் பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்கிறார்கள். வார இறுதியில் குடும்பத்துடன் குன்னூர் செல்ல வேண்டியிருப்பதால் விரைவாகப் பதில் சொல்லுங்கள்.

நான்காவது கியர்
வணக்கம் நண்பரே. என்ன வண்டி, எந்த ஆண்டு, பெட்ரோல் மட்டுமா அல்லது கேஸ் கிட்டும் பொருத்தியிருக்கிறீர்களா, கியர் கையால் போடுவதா தானியங்கியா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நிற்கிறதா, சூடான பிறகு நிற்கிறதா? ஏசி ஓடும்போது இது அதிகமாக நடக்கிறதா? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

பூஸ்டர் பிரியன்
எனக்குப் பிரேக் பூஸ்டரின் (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டு பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) மீதுதான் சந்தேகம். பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரை கிழிந்திருந்தால், பிரேக்கை மிதிக்கும் நேரத்தில் கணக்கில் வராத காற்று, என்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் புகுந்து, கலவையின் பெட்ரோல் அளவு போதாமல் என்ஜின் நின்றுவிடும். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல்) ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) தடுமாறினாலோ பெடலுக்கு அருகில் காற்று சீறும் ஒலி கேட்டாலோ பூஸ்டரையும் அதற்குச் செல்லும் குழாயையும் பார்க்க வேண்டும்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்)
தம்பி, இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் புதிய இழை தேவைப்பட்டிருக்காது. பெட்ரோல் பம்ப் தளர்ந்தால் வண்டி முதலில் திணறுவது ஏற்றத்திலும் அதிக வேகத்திலும்தான், ஏனெனில் பெட்ரோல் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். தொண்ணூறில் சீராக ஓடும் வண்டிக்குப் பம்பை மாற்றச் சொல்பவரிடம், ஃப்யூல் பிரஷரை அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அளக்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

திருப்பூர் ஓட்டி
2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், கையால் போடும் கியர், கேஸ் கிட் இல்லை. விளக்கு எதுவும் எரியவில்லை. சூடான பிறகுதான் நிற்கிறது, ஏசி போட்டிருந்தால் கட்டாயம் நிற்கிறது. பூஸ்டர் சோதனையைச் செய்து பார்த்தேன். ஆர்பிஎம் அசையவில்லை, சீறலும் இல்லை. பிரேக்கைத் தொடாமல் கிளட்சை மட்டும் மிதித்தாலும் ஆர்பிஎம் ஊசி கீழே விழுந்து என்ஜின் நின்றுவிடுகிறது.

கரூர் சாலை
எல்லாவற்றுக்கும் காரணம் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான். 2014 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. என் உறவினரின் வண்டியும் இதே போலத்தான் திணறுகிறது.

நான்காவது கியர்
எத்தனால் மீதான கவலை நியாயமானது, ஆனால் இந்தக் கோளாறுக்கு அது பொருந்தவில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு அது சுமார் 13.5 ஆகக் குறைகிறது. இந்த வேறுபாட்டை புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே ஈடுசெய்துவிடும். ஈடுசெய்ய முடியாத நிலை வந்தால் செக் என்ஜின் விளக்கு எரியும், குறையும் எல்லா வேகத்திலும் தெரியும்.

கரூர் சாலை
அப்படியென்றால் மைலேஜ் குறைவதும் எங்கள் கற்பனையா? 20 சதவீதக் கலவைக்கு 2030 என்று அரசு சொல்லியிருந்த இலக்கை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் யார் பொறுப்பு ஏற்பது?

நான்காவது கியர்
மைலேஜ் குறைவது கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே மைலேஜ் சிறிது குறைந்தே தீரும். ரப்பர் பற்றிய உங்கள் கேள்வியும் சரியானது. ஆனால் இவருடைய வண்டி சிக்னலில் நிற்பதற்கான காரணத்தைத்தான் நாம் இங்கே தேடுகிறோம்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்)
எத்தனாலைப் பற்றிப் பேசத் தனி இழை இருக்கிறது. அடிப்படை தெரியாதவர்கள் அங்கே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

மின்சுற்று
ஓட்டி ஐயா, ஒரே ஒரு கேள்வி. இந்தக் கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன்பு வண்டியில் ஏதாவது வேலை நடந்ததா? என்ஜினோடு தொடர்பே இல்லை என்று நீங்கள் கருதும் வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள். குறிப்பாக, பேட்டரியைக் கழற்றினார்களா?

திருப்பூர் ஓட்டி
ஆமாம், பழைய பேட்டரி போய்விட்டதால் புதியது போட்டோம். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் இது தொடங்கியது. ஆனால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டிங்கில் ஒரு குறையும் இல்லையே?

மின்சுற்று
பேட்டரியில் குறை இல்லை. அதைக் கழற்றிய நேரத்தில் இசியு எதை மறந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இசியு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். அந்த நேரத்தில் சக்கரங்கள்தான் என்ஜினைச் சுழற்றுகின்றன. ஆர்பிஎம் ஐடிலிங் அளவை நெருங்கும்போதோ நீங்கள் கிளட்சை மிதிக்கும்போதோ பெட்ரோல் மீண்டும் பாய வேண்டும், அதே கணத்தில் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடும் தேவையான அளவு மட்டும் திறந்து காற்றை விட வேண்டும். உங்கள் வண்டி நிற்பது சரியாக இந்த இடத்தில்தான்.

திராட்டில் தகட்டின் விளிம்பிலும் அது உட்காரும் துளையைச் சுற்றியும் ஆண்டுக்கணக்கில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிகின்றன. காற்று செல்லும் இடைவெளி குறையக் குறைய, தகட்டை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்க வேண்டும் என்று இசியு தானாகவே கற்றுக்கொண்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் கரி படிந்திருப்பது ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. பேட்டரியைக் கழற்றியதும் பல வண்டிகளில் இந்த நினைவு அழிந்துவிடுகிறது. இப்போது உங்கள் இசியு, இந்தத் தகடு இருக்கும் திராட்டில் பாடி புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எவ்வளவு திறந்தால் போதுமோ அவ்வளவே திறக்கிறது. கரி படிந்த துளைக்கு அது போதவில்லை. ஒரே இடத்தில் நின்று ஐடிலிங்கில் ஓடும்போது மெதுவாகத் திருத்திக்கொள்ள இசியுவுக்கு நேரம் கிடைக்கிறது. ஆர்பிஎம் சட்டென்று விழும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை. அதோடு ஏசி கம்ப்ரசரின் சுமையும் சேர்ந்தால் என்ஜின் நின்றுவிடுகிறது.

ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். முதலில் இசியுவைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஃப்யூல் டிரிம்மை (பெட்ரோல் அளவில் இசியு செய்யும் திருத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் மிக அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது என்று பொருள். அப்போது நான் சொன்னது தவறு. இரண்டிலும் இயல்பாக இருந்தால் காற்றுக் குழாயைக் கழற்றித் திராட்டில் பாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். அதற்கென்று விற்கும் திரவத்தை மென்மையான துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, சில திராட்டில் பாடிகளின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு இருக்கும். இக்னிஷன் போட்டிருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவும் கூடாது, உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் உடையும். துடைத்த பிறகு ஐடிலிங்கை இசியுவுக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். இதற்கான முறை வண்டிக்கு வண்டி மாறும்.

பூஸ்டர் பிரியன்
விளக்கம் பொருத்தமாக இருக்கிறது. ஆனாலும் பெட்ரோல் தொட்டியின் ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கியிருந்தாலும் இப்படி நடக்கலாம், திராட்டிலைக் கழற்றும்போது அதையும் பாருங்கள். இன்னொன்று, சரிசெய்யாமல் மலைக்குப் போகாதீர்கள். என்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (உறிஞ்சு விசை) ஓரிரு முறை மிதிக்கத்தான் போதும். அதன் பிறகு பெடல் கல் போல இறுகும், ஸ்டீயரிங்கும் கனக்கலாம். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டவே கூடாது. கியரில் இறங்கினால் சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும், வேக்கமும் உருவாகிக்கொண்டிருக்கும்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்)
திராட்டிலில் கரி படிந்திருக்கும் என்பதை முதல் பதிவைப் படித்ததுமே ஊகித்துவிட்டேன். ஓட்டுபவர் தாமாகச் சிந்திக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை.

நான்காவது கியர்
மூத்தவரே, குடும்பத்தோடு மலை ஏறப் போகிறவரிடம் தெரிந்ததை உடனே சொல்லிவிடுவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன்.

திருப்பூர் ஓட்டி
ஃப்யூல் டிரிம் இரண்டிலும் இயல்பாக இருந்தது. திராட்டிலைத் திறந்தால் விளிம்பு முழுவதும் கரி. துடைத்து, ஸ்கேனர் வழியாக ஐடிலிங்கைக் கற்பித்தார்கள். இப்போது ஏசி போட்டாலும் ஊசி 750இல் நிற்கிறது, வண்டி எங்கும் நிற்கவில்லை. பம்பை மாற்றவில்லை. அனைவருக்கும் நன்றி, கிளம்புகிறோம்.

கோவை ஹேட்ச்பேக்
என் 2012 வண்டியிலும் பேட்டரி மாற்றிய பிறகு இதே குறை வந்திருக்கிறது. எங்கள் பகுதியில் ஸ்கேனர் வைத்திருக்கும் பணிமனை இல்லை. சாவியைப் போட்டு எடுத்தே ஐடிலிங்கைக் கற்பிக்க முடியும் என்கிறார்களே, ஓட்டி அவர்களே, உங்கள் பணிமனையில் அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?

மின்சுற்று
அவர் மலையில் இருப்பார். உங்கள் வண்டியின் மாடலையும், ஆக்சிலேட்டரிலிருந்து திராட்டிலுக்குக் கம்பி செல்கிறதா அல்லது மின்னணுத் திராட்டிலா என்பதையும் எழுதுங்கள். கம்பி இருக்கும் வண்டியில் ஐடிலிங் காற்றுக்குப் பெரும்பாலும் தனி வால்வு இருக்கும். துடைக்க வேண்டிய இடமும் கற்பிக்கும் முறையும் வேறாக இருக்கும்.