ஓடுபாதைக்கு மேல் வந்தும் தரையிறங்காமல் எழுந்த விமானங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பரங்கிமலைச் சன்னல்

செப்டம்பர் மாத மாலை. மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த ஏ320 விமானத்தில், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கச் சன்னல் இருக்கை எனக்கு. மேற்கிலிருந்து காற்று வீசும் காலம் என்பதால், வழக்கம்போல நகரத்தைத் தாண்டிக் கடலுக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி மேற்கு நோக்கி இறங்கும் 25ஆம் ஓடுபாதையை நோக்கி வந்தோம். அடையாற்று முகத்துவாரமும் கிண்டிக் காட்டின் இருட்டும் கீழே கடந்தன. மேற்கே, விமான நிலையத்துக்கு அப்பால், மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

பரங்கிமலை உச்சியின் விளக்குகள் சன்னலுக்கு நேராக வந்த நொடியில் விமானம் சட்டென்று ஒரு முறை கீழே அமிழ்ந்தது. அடுத்த கணமே இரு என்ஜின்களும் முழு வேகத்தில் உறுமின, மூக்கு மேலே எழுந்தது, முதுகு இருக்கையோடு அழுந்தியது. இப்படி இறங்காமல் மீண்டும் எழும் 'கோ அரவுண்ட்' எனக்குப் புதிதல்ல. இங்கே இருப்பவர்களுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. என்னை இன்றுவரை விடாமல் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது, அல்லது நடக்காமல் போனது. இறக்கையின் பின்விளிம்பில், மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட விரியும் தகடுகளான ஃபிளாப்கள் முழுவதும் விரிந்தபடியே இருந்தன. சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை வரவேயில்லை. என்ஜின் உறுமிய உடனே ஃபிளாப் ஒரு படி உள்ளே போக வேண்டும், ஏற்றம் உறுதியானதும் சக்கரங்கள் மடங்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததால், அந்தத் தகடுகளை விட்டு என் பார்வை நகரவில்லை. ஓடுபாதை முழுவதும் கீழே ஓடி முடிந்தது. குடியிருப்புகளின் விளக்குகளும் கடந்தன. அதன் பிறகே என் காலடியிலிருந்து அந்தப் பழகிய 'தடக்' கேட்டது, ஃபிளாப்களும் நகர்ந்தன.

காற்றின் திசை மாறிவிட்டது என்று மட்டும் விமானி பின்னர் அறிவித்தார். நெடுநேரம் சுற்றிய பின் அதே பாதையில் எதிர்த்திசையில், அதாவது 07ஆம் ஓடுபாதையில், அமைதியாக இறங்கினோம். சக்கரங்களை ஏன் அவ்வளவு நேரம் வெளியிலேயே வைத்திருந்தார்கள்? மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே செய்தார்களா?

கௌலூன் பயணி

என் அனுபவம் ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையத்தில், அது மூடப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன், சிங்கப்பூரிலிருந்து அலுவலக வேலையாகச் சென்றபோது ஏற்பட்டது. 13ஆம் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் வர மலைகள் இடம் தராததால், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டிய குன்றை நோக்கி வந்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலே வலப்புறம் ஏறத்தாழ 47 பாகை திரும்பித்தான் இறங்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் திருப்பத்தைப் பார்ப்பதற்காகவே வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

திருப்பம் முடிந்து இறக்கைகள் சமமான பின், முன்னால் இருக்க வேண்டிய ஓடுபாதை எனக்குப் பக்கச் சன்னலில் தெரிந்தது. கடலுக்குள் நீண்ட அந்தப் பாதையின் வெள்ளைக் கோடுகளும், இருபுறமும் தண்ணீரும், கோடியில் நின்ற கப்பல்களும் என் தோளுக்கு நேராக இருந்தன. குறுக்குக் காற்றுக்கு ஈடுகொடுக்க விமானத்தின் மூக்கை எவ்வளவு திருப்பிப் பிடித்திருந்தால் ஒரு போயிங் 747 விமானத்தின் பயணிக்கு அந்தக் காட்சி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விமானி அந்தக் கோணத்தை நேராக்கத் தொடங்கியதும் இறக்கை ஒரு பக்கம் தூக்கியது. அவர் தயங்கவில்லை, உடனே ஏற்றிவிட்டார். எங்கள் விமானத்தில் சக்கரங்கள் சில நொடிகளிலேயே மடங்கிவிட்டன. ஆகவே உங்கள் விமானத்தில் சாதாரணக் காற்று மாற்றம் என்று நான் நம்பவில்லை; வேலைப் பளுவில் மறந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

இரண்டாம் முறை இறங்கியது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. 1998 ஜூலை 6ஆம் நாள் அந்த நிலையம் மூடப்பட்ட செய்தியைக் கேட்டபோது மனத்தில் வந்தது அந்தப் பக்கச் சன்னல் காட்சிதான்.

பட்டறைக்காரர்

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'மறந்திருக்கலாம்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

இடிமழை மேகம் ஒன்று ஓடுபாதையின் அருகே நிற்கும்போது, அதிலிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாகக் கீழே இறங்கித் தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுகிறது. அதற்குள் நுழையும் விமானம் முதலில் எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. வேகமானி கூடுதலாகக் காட்டுகிறது. பின்னர் கீழ்நோக்கிய காற்று. அதன் பின் திடீரென்று பின்காற்று. வேகமும் தூக்குவிசையும் ஒருங்கே குறைகின்றன. பரங்கிமலைக்கு நேரே நீங்கள் உணர்ந்த அமிழ்வு இதன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை விண்ட்ஷியர் என்பார்கள். 1985 ஆகஸ்ட் 2ஆம் நாள் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இறங்கவிருந்த ஒரு ட்ரைஸ்டார் பயணி விமானம் இப்படிப்பட்ட காற்றில் சிக்கித் தரையில் மோதியதில் 137 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் முன்னால் உள்ள விண்ட்ஷியரைக் கண்டு எச்சரிக்கும் ரேடார்களும், அதிலிருந்து தப்பும் பயிற்சியும் பயணி விமானங்களில் கட்டாயமாகும் நிலை வந்தது.

அந்தத் தப்பும் முறையின் முதன்மையான விதி, முழு உந்துவிசை கொடுத்து மூக்கை உயர்த்துவதோடு, ஆபத்திலிருந்து வெளியேறும்வரை சக்கரங்களையும் ஃபிளாப்களையும் தொடக்கூடாது என்பது. சக்கரங்களை மடக்கினால் காற்றுத்தடை குறையும்தானே என்று கேட்பீர்கள். மடங்குவதற்கு முன் அவற்றின் கதவுகள் திறந்தாக வேண்டும்; அப்போது தடை சற்று நேரம் கூடும். ஃபிளாப்களை இழுத்தால் தூக்குவிசை குறையும். உயரம் இல்லாத இடத்தில் இரண்டுமே பெரிய இழப்பு. எனவே கௌலூன் பயணியின் குறுக்குக் காற்றையும் சென்னையில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்க இயலாது: அவருடையது சாதாரண கோ அரவுண்ட், இது விண்ட்ஷியர் தப்புமுறை. உங்கள் விமானிகள் தம் கையை அடக்கி வைத்திருந்தார்கள். அதைச் செய்வது எளிதன்று. சக்கரம் மடக்கும் பழக்கம் கையில் ஊறிப்போன ஒன்று.

என் சொந்த அனுபவம் மிகச் சிறியது. மங்களூரு விமானம் ஒன்றில் பயணியாக வந்தேன். விமானி இறங்காமல் எழுந்து சுற்றி வந்து இறங்கியதற்காக, இறங்கும் படியில் நின்று ஒருவர் பணிப்பெண்ணிடம் சத்தம் போட்டார். அதே மலை உச்சி ஓடுபாதையில்தான் 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் பாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தார்கள். துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்று சொல்லியும் இறக்கம் கைவிடப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்தப் பணிப்பெண் ஒன்றும் பேசாமல் கைகூப்பியபடி நின்றது இன்னும் என்னைச் சுடுகிறது.

பனைமுனை

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், இப்போது இருப்பது சென்னையில். பலாலி விமான நிலையத்துக்கான சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, அம்மாவை ஊருக்கு அழைத்துச் சென்றேன். போர்க்காலத்தில் கடல் வழியாக வெளியேறியவர். அதன் பின் ஊரைப் பார்த்ததில்லை. ஏடிஆர் என்னும் விசிறி வானூர்தியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பறப்பு. அந்த வகை வானூர்தியில் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை அது மறைப்பதில்லை. நடுப்பகுதி இருக்கையில் இருந்தால் சக்கரம் கீழே இறங்குவதையும் கண்ணால் காணலாம்.

பாக்கு நீரிணையைக் கடந்ததும் மழை மேகத்துக்குள் புகுந்துவிட்டோம். கீழே இறங்க இறங்க வெண்மை மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரே ஒரு முறை மேகம் கிழிந்து, நனைந்த சிவப்பு மண்ணும் வரிசையாகப் பனைகளும் மிக அருகில் தெரிந்தன. "அந்தா, எங்கட பனை" என்று அம்மா சொல்லி முடிக்கும் முன் விசிறிகளின் ஓசை உயர்ந்தது, யன்னலுக்குக் கீழே சக்கரம் மடங்கி உள்ளே போனது, மீண்டும் வெண்மை. இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, வானூர்தி சென்னைக்கே திரும்பியது.

மீனம்பாக்கத்தில் இறங்கிய பின் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை என்று எத்தனையோ சிக்கல்கள். அவற்றையெல்லாம் எழுதத் தேவையில்லை. அம்மா அன்று முழுவதும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தெரிஞ்சதுதானே பிள்ளை, பிறகேன் இறக்கேல்லை?" பக்க யன்னலில் நிலம் தெரிவதும், விமானிக்கு முன்னால் ஓடுபாதை தெரிவதும் வெவ்வேறு என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் ஏற்கவில்லை. குறித்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் ஏறியாக வேண்டும் என்ற விதியை எனக்குத் தெரியும், மதிக்கிறேன். ஆனால் பனை தெரிந்த அந்தச் சில நொடிகளைப் பற்றி அம்மாவிடம் பேச அந்த விதி உதவவில்லை. பிறகு வேறு ஒரு நாள் போய்ச் சேர்ந்தோம்.

வழித்துணை

பனைமுனை அம்மையாருக்கு என் வணக்கம். பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. விமானிகள் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் பயணிகளுக்குச் சொல்வதற்கு ஏன் அத்தனை தாமதம்? மதுரைக்கு வந்த விமானத்தில், எழும்பியபின் நெடுநேரம் எந்தக் குரலும் வரவில்லை. என் அருகில் இருந்த சிறுவன் தன் தந்தையின் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். விமானத்தை ஓட்டு, வழியைப் பார், அதன் பிறகு பேசு என்ற வரிசை எனக்கும் தெரியும். அப்படியானால் பணிக்குழுவினரேனும் ஒரு வாக்கியம் சொல்லலாம்.

இதைப் படிக்கும் பிறருக்காகச் சில செய்திகள். மழைக்காலத்தில் மாலை விமானத்தைவிடக் காலை விமானம் நல்லது, ஏனெனில் நம் பகுதியில் வெப்பச்சலன இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகே திரள்கிறது. மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருவுக்குப் போனால், விமானத்துக்குள்ளேயே காத்திருக்க நேரலாம், சரக்கறையில் உள்ள பெட்டி கைக்கு வராது. இடைவழியில் விமானம் மாற வேண்டியவர்கள் இரண்டு விமானங்களுக்கும் இடையே தாராளமாக நேரம் விட்டு, முடிந்தால் ஒரே சீட்டில் பதிவு செய்யுங்கள். எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்: சேருமிடத்துக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்கும், அதற்கு மேல் 30 நிமிடம் வட்டமிடுவதற்கும் போதுமான எரிபொருளோடுதான் ஜெட் விமானங்கள் புறப்படுகின்றன. இருக்கைப் பட்டையைச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் கழற்றாதீர்கள். தொட்ட பின்னும்கூட, எதிர் உந்துவிசையை இயக்காதவரை விமானி மீண்டும் ஏற முடியும். குழந்தைகளுக்குக் குடிக்க ஏதேனும் கையில் இருக்கட்டும், திடீரென்று ஏறி இறங்கும்போது காது வலிக்கும். வானிலைக் குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காற்றின் திசையும் அதன் வீச்சும் தெரிந்தால், விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஊகிக்கலாம்.

பொழிச்சலூர் மொட்டைமாடி

யாரும் கேட்காத அறிவுரைகளுக்குள் நல்ல செய்திகள் உள்ளன, ஆனால் முதல் கேள்வி அவற்றில் மறைந்துவிட்டது. எங்கள் வீடு மீனம்பாக்கம் ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால் இருக்கிறது. 25இல் இறங்காமல் எழும் விமானங்கள் நேராக எங்கள் தலைக்கு மேலேதான் வரும். பெரும்பாலானவை சக்கரங்களை மடக்கிக்கொண்டு நல்ல உயரத்தில் கடக்கின்றன. அடிவயிறு வழவழப்பாகத் தெரியும்.

இடிமழை நெருங்கிய ஒரு மாலையில் மட்டும், காற்று திடீரென்று குளிர்ந்து கொடியில் உலர்ந்த துணிகளெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பிய சற்று நேரத்தில், ஒரு ஏ320 மூன்று சக்கரத் தொகுதிகளையும் தொங்கவிட்டபடி, இறங்கு விளக்குகள் எரிய, பேரிரைச்சலோடு கடந்ததைப் பார்த்தேன். அது பரங்கிமலைச் சன்னலின் விமானமா என்று சொல்ல இயலாது. ஆனால் அது எங்களைத் தாண்டிப் போன பின்னர்தான் சக்கரக் கதவுகள் திறந்து மூடியதைத் தொலைநோக்கியில் கண்டேன். அந்த மேகம் எங்களுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே நின்றது; விமானம் அதைக் கடந்து தெளிந்த காற்றுக்குள் வந்த இடத்தில்தான் அந்தக் கதவுகள் திறந்தன. பட்டறைக்காரரின் விளக்கத்தோடு அது பொருந்துகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஒரு விமானம் தரையை நெருங்கி, ஆடி, மீண்டும் எழுந்த காணொளி எல்லா இடங்களிலும் பரவியது. அதை விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியதாக எழுதியவர்கள் பலர். காணொளி இன்னும் கிடைக்கிறது. இறக்கை ஆடுவதை விட்டுவிட்டு, அது எழத் தொடங்கிய பின் ஃபிளாப்பும் சக்கரமும் எப்போது நகர்கின்றன என்பதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பரங்கிமலைச் சன்னல் அன்று தன் இருக்கையிலிருந்து கவனித்தது எதை என்பது புரியும்.