கரிசல் மண்ணில் வாசமுள்ள பன்னீர் ரோஜா வளர்ப்பது எப்படி?

கேள்வி (விருதுநகர்)

வணக்கம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில், காலை முதல் நண்பகல் கடந்தும் வெயில் விழும் இடத்தில், பூசைக்கென்று வாசமுள்ள ரோஜா வளர்க்க விரும்பி, ஒரு நாற்றுப்பண்ணையில் 'பன்னீர் ரோஜா' என்று சொல்லிக் கொடுத்த ஒட்டுச்செடியைச் சென்ற ஆண்டு வாங்கி நட்டேன். தொடக்கத்தில் இளஞ்சிவப்பில் மணமுள்ள பூக்கள் சில வந்தன. கோடையில் அந்தக் கிளைகள் நுனியிலிருந்து கருகிக் காய்ந்துவிட்டன. இப்போது அடியிலிருந்து கிளம்பிய கிளைகள் மொட்டே வைக்காமல் ஓங்கி வளர்கின்றன. செடியைக் காப்பாற்ற இயலுமா? எனக்குப் பெரிய பூ வேண்டியதில்லை; ஒரு கைப்பிடி பறித்து வைத்தால் அறையே மணக்கும் பழைய வகைதான் வேண்டும். நிலம் கரிசல், ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்புடையது.

பதில் (நிலக்கோட்டை)

வணக்கம் அம்மா. மேலே ஒட்டியிருந்த ரோஜா பட்டுப்போய், அதைத் தாங்கிய வேர்ச்செடி தலையெடுத்திருப்பதாகத் தோன்றுகிறது. உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் ஒட்டியிருக்கும் சிறிய பச்சைச் செதிலைப் பாருங்கள். அதன் ஓரம் சீப்புப் பல் போல இழை இழையாகப் பிரிந்திருந்தால், அது ஒட்டுக்கட்டப் பயன்படும் மல்டிஃபுளோரா வகை. ஒட்டுக்கு மேலே உயிருள்ள கிளை ஒன்றேனும் இல்லையென்றால், அந்தச் செடியில் பழைய பூ திரும்ப வராது, அதை எடுத்துவிடலாம்.

பன்னீர் ரோஜாவுக்கு ஒட்டு தேவையே இல்லை. அது சொந்த வேரில் நன்றாக வளரும். கோடையில் மேற்பகுதி காய்ந்தாலும், அடியிலிருந்து துளிர்ப்பது அதே ரோஜாவாகவே இருக்கும். எனவே ஒட்டுச்செடியை மீண்டும் வாங்காமல், பூக்கும் செடி வைத்திருப்பவரிடம் குச்சி கேட்டு வாங்குங்கள். பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் நான்கைந்து கணுக்கள் இருக்குமாறு வெட்டி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக நறுக்கி, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த பையில் ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைக்க வேண்டும்.

பெரும்பாலோர் குச்சியை இழப்பது இதற்குப் பிறகுதான். தண்டில் சேமித்திருக்கும் உணவைக் கொண்டே இலை துளிர்த்துவிடும். அந்த நேரத்தில் அடியில் வேர் இருக்காது. துளிரைக் கண்டதும் வெயிலுக்கு மாற்றினால் குச்சி இரண்டொரு நாளில் வாடிவிடும். வந்த இலைகள் முற்றி, அடுத்த தளிரும் கிளம்பிய பிறகு சிறிது சிறிதாக வெயில் காட்டுங்கள்.

அருகில் செடி இருந்தால் பதியம் இன்னும் நம்பகமானது. தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் பட்டையைக் கீறி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், வேர் விடும்வரை தாய்ச்செடியே அதற்கு உணவளிக்கும்.

பதில் (பெங்களூரு)

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எந்த ரோஜாவைத் தேட வேண்டும் என்பதையும் தெளிவுபடுத்த விரும்புகிறேன், ஏனெனில் 'பன்னீர் ரோஜா' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் விற்கப்படுகின்றன. பல்கேரியாவின் கசன்லக், ஈரானின் கம்சர், சவூதியின் தாயிஃப் ஆகிய ஊர்களில் அத்தருக்காக வளர்க்கும் டமாஸ்க் ரோஜா, குளிர்காலம் முடிந்ததும் சில வாரங்கள் மட்டுமே பூப்பது. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ தேவைப்படும் புகழ்பெற்ற வகை அது. ஆனால் குளிரே இல்லாத விருதுநகரில் அதை நட்டால் இலையைத்தான் பார்க்க முடியும். இணையத்தில் அந்தப் பெயரைக் கண்டு வாங்கிவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியது எட்வர்டு ரோஜா. இந்தியப் பெருங்கடலில் இன்று ரெயூனியன் எனப்படும் பூர்போன் தீவில், வேலியாக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகவே கலந்து உருவானது அது. 1810களின் இறுதியில் அதன் விதைகள் பிரான்சுக்குச் சென்று ஒரு தனிக் குலத்துக்கே தொடக்கமாயின. மணம் டமாஸ்க்கிடமிருந்து வந்தது. வெப்பத்தைத் தாங்கி மீண்டும் மீண்டும் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்து வந்தது. நம் மாலைகளில் இருநூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு ரோஜா இன்றும் உயிரோடிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இதழ்கள் சீக்கிரம் உதிரும். கடைகளுக்குச் செல்லும் நீள்காம்பு ரோஜாக்களை வாடாமைக்காகவே தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில்தான் அவற்றின் மணம் குறைந்தது என்பதால், அந்த உதிர்தலைக் குறையாக நினைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. செதிலின் ஓரம் இழைகளாகத்தான் பிரிந்திருக்கிறது. சிவகாசியில் சித்தி வீட்டுக் கொல்லையில் பழைய பன்னீர் ரோஜா ஒன்று பூத்துக்கொண்டிருக்கிறது. குச்சி எடுக்கத் தக்க மாதம் எது? என் தண்ணீரில் அது பிழைக்குமா?

பதில் (கோவில்பட்டி)

நானும் கரிசலில்தான் வளர்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின், ஐப்பசி, கார்த்திகையில் குச்சி எடுங்கள். காற்றில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். அப்போதே தாய்ச்செடியையும் கவாத்து செய்து, வெட்டிய முனைகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசிவிட்டால், உங்கள் செடியில் நேர்ந்ததைப் போன்ற நுனிக்கருகல் பெரும்பாலும் தடுக்கப்படும்.

கரிசலில் உண்மையான இடர் சுண்ணாம்பு. மண்ணும் நீரும் காரத்தன்மை மிகும்போது மண்ணிலுள்ள இரும்பை வேரால் எடுக்க முடிவதில்லை. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைவெளி வெளுக்கும். இலை வெளுத்ததும் பலர் யூரியாவைப் போடுகிறார்கள். அது இதற்கு மருந்தன்று. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மழைநீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். கிணற்று நீரில் கரைத்தால் இரும்பு துருவாகப் படிந்து வீணாகும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, செம்மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றை நிரப்பி, சுற்றியுள்ள தரையைவிடச் சற்று மேடாக்கி நட்டால், மழைக்காலத்தில் வேரில் நீர் தேங்காது. மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்க வசதியிருந்தால் அதை இந்தச் செடிக்கே ஒதுக்குங்கள்.

தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் வேருக்கு மட்டும் விடுங்கள். இரவு முழுதும் ஈரமாக நிற்கும் இலையில்தான் கரும்புள்ளி நோய் பரவுகிறது. பூவை வெயில் ஏறுமுன், இதழ் பாதி விரிந்த நிலையில் பறியுங்கள். நேரம் ஆக ஆக மணம் காற்றோடு போய்விடும்.