அன்புக்கு ஸ்டார் போடலாமா?

காவிரிக்கரை:
மகன் ஐந்தாம் வகுப்பு. இந்த வருடம் வகுப்பில் 'அன்புப் பலகை' மாட்டியிருக்கிறார்கள். யாருக்காவது உதவினால் பெயருக்கு நேரே ஒரு ஸ்டார். மாதக் கடைசியில் அதிக ஸ்டார் வாங்கிய பிள்ளைக்குப் பிரேயரில் பரிசு. போன வாரம் அவன் சொன்னது: "கீழ விழுந்தவனைத் தூக்க நான்தாம்ப்பா முதல்ல ஓடினேன், மிஸ் பார்க்கவே இல்ல." விழுந்த பையனுக்கு அடிபட்டதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். இப்படிச் சொல்லிக்கொடுப்பதற்கு, சும்மா இருப்பதே மேல்.

சாக்பீஸ்:
அவசரப்படாதீர்கள் சார். நான் அரசுப் பள்ளியில் நாலு, ஐந்து எடுக்கிறேன். இந்த வயதில்தான் கூட்டு சேர ஆரம்பிக்கும். சத்துணவுக்கு உட்காரும்போது யார் பக்கத்தில் தட்டை வைப்பது, யாரை நகரச் சொல்வது என்று அவர்களே முடிவுசெய்வார்கள். நிறம், அப்பாவின் வேலை, திக்குவாய் எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் வரும். அதை 'சும்மா' விடமுடியாது. பலகை இருந்தால் நல்லது செய்கிற பிள்ளை கண்ணில் படும்.

வாசகி:
டீச்சர், அந்தக் கண்ணில் படுவதுதான் சிக்கல். 2008இல் வார்னெகன், டொமாசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 20 மாதக் குழந்தைகள், பெரியவர் தவறவிட்ட பொருளைத் தாமாக எடுத்துக் கொடுத்தன. ஒவ்வொரு முறையும் பொம்மை பரிசு வாங்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவின.

சாக்பீஸ்:
அது கைக்குழந்தை, இது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்காக ஸ்டார் என்று விளக்கிச் சொல்ல முடியும். அந்த ஆய்விலேயே வாயால் பாராட்டியதால் உதவி குறைந்ததாக இல்லை, பொருள் கொடுத்தபோதுதான் குறைந்தது. மாதப் பரிசு வேண்டாம் என்றால் நானும் உங்கள் பக்கம். பலகை இருக்கட்டும்.

வாசகி:
பலகையே போட்டிதான். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஒரே சண்டை. எலியட் அரோன்சன் என்ற பேராசிரியர் போய்ப் பார்த்தார். டீச்சர் கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்குகிறார்கள், ஒருவனைக் கூப்பிட்டதும் மற்றவர்களுக்கு அவன்மேல் எரிச்சல். டீச்சரின் பார்வைக்கு நடக்கிற போட்டியே பகையை வளர்க்கிறது என்று கண்டார். ஐந்தாம் வகுப்பில்தான் மாற்றிப் பார்த்தார்கள். பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்று. அடுத்தவன் சொல்லாமல் மீதிப் பாடம் யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் காவிரி பாடத்தையே எடுங்கள். தலைக்காவிரி ஒருத்திக்கு, மேட்டூர் அணை ஒருவனுக்கு, கல்லணை ஒருவனுக்கு, பூம்புகார் ஒருத்திக்கு. மேட்டூர் திக்கிப் பேசுகிற பையனிடம் இருந்தால், மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். கேலி செய்தால் அணை கட்டி முடித்தது 1934 என்பது அவர்களுக்குக் கிடைக்காது. எப்படிக் கேட்டால் அவனுக்குச் சொல்ல வரும் என்று மெல்லக் கண்டுபிடிப்பார்கள்.

சாக்பீஸ்:
தேவைக்காகப் பொறுத்துக்கொள்வது கருணை ஆகுமா? பாடம் முடிந்ததும் பழைய பட்டப்பெயரே திரும்பினால்? அதனால்தான் உட்கார்ந்து பேசவும் நேரம் வேண்டும் என்கிறேன். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடவேளை கொண்டுவந்தார்கள், எட்டாம் வகுப்பு வரை. கதை, பேச்சு, கொஞ்சம் மனப்பயிற்சி. பரீட்சை கிடையாது.

வாசகி:
பரீட்சை இல்லாத பாடவேளை என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் நம் பள்ளிகளில் அதை முதலில் கணக்கு வாத்தியார்தான் கடன் வாங்குவார்.

சாக்பீஸ்:
அது உண்மைதான். நான் விடமாட்டேன், வேறென்ன செய்ய? காவிரியைத் துண்டாக்கி அடுத்த வாரம் நடத்திப் பார்க்கிறேன். மேட்டூரை யாரிடம் கொடுப்பது என்று இப்போதே தெரியும்.

காவிரிக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. பலகை வேண்டாம் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

சாக்பீஸ்:
கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம் சார். அந்த மிஸ் ஆசையாகச் செய்திருப்பார். முடிந்ததும் தனியாகப் பாருங்கள். பரிசை நிறுத்துவதை மட்டும் முதலில் கேளுங்கள், அதற்குச் சம்மதிப்பார். அப்புறம், வீட்டில் ஸ்டார் எத்தனை என்று யாரும் கேட்காதீர்கள். விழுந்த பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று மகனையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.