கலைச்சொல்: அருங்காட்சியகம் திருப்பித் தருவது ‘மீட்பு’ ஆகுமா?

வணக்கம்.

காலனி ஆட்சியில் எடுத்துப்போனவற்றை அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுப்பதற்கு நம் சொற்பட்டியலில் ‘மீட்பு’ என்று இருக்கிறது. சிலை மீட்பு என நாளிதழ்களில் பழகிய சொல்தான். ஆனால் அது வாங்குகிறவர் பக்கத்துச் சொல். காவல்துறை பறிமுதல் செய்தாலும் மீட்பு, ஏலத்தில் விலை கொடுத்து வாங்கினாலும் மீட்பு. வைத்திருந்தவரே கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பதை அது காட்டவில்லை. ‘மீளளிப்பு’ என்று மாற்றலாமா?

—

ஐயா, ‘மீளளிப்பு’ நன்றாக இருக்கிறது. அதை ஒரே ஒரு செயலுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பொருள் வெளியேறும்போது நடப்பவை மூன்று: சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து அதை விலக்குவது, உடைமையுரிமையை எழுத்தில் மாற்றுவது, பெட்டி கட்டி அனுப்புவது. மூன்றும் சேர்ந்தே நடப்பதில்லை. 2022-இல் பெர்லின் தன்னிடமிருந்த பெனின் (இன்றைய நைஜீரியாவிலுள்ள பழைய அரசு) கலைப்பொருள்கள் 512-இன் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக்கொடுத்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடனாகப் பெர்லினிலேயே இருக்கிறது. உரிமை போனது, பொருள் போகவில்லை. 2024-இல் கானாவின் குமாசிக்கு வந்த அசாந்தே அரசப் பொருள்கள் 32 இதற்கு நேர்மாறு. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகமும் மூன்றாண்டுக் கடனாகவே அனுப்பின. சேர்க்கையிலுள்ளதை விட்டுக்கொடுக்க முடியாதபடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கையைக் கட்டியிருப்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டையும் ‘மீட்பு’ என்று எழுதினால் கடன் என்ற செய்தியே மறைந்துபோகும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே: பதிவு விலக்கல், மீளளிப்பு (உரிமை மாறுவது மட்டும்), ஊர்சேர்ப்பு (பொருள் போய்ச் சேருவது). ‘தாயகம் திருப்பல்’ வேண்டாம். அது அகதிகளுக்கு ஆள்கிற சொல். தவிர, பெறுகிறவர் எப்போதும் ஒரு நாடு அல்ல. 2023 மார்ச்சில் நைஜீரிய அரசே பெனின் பொருள்களின் உரிமை ஓபா எனப்படும் பெனின் மன்னருக்கு என்று அறிவித்துவிட்டது.

—

‘ஊர்சேர்ப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது, உடல்களுக்கும் அது பொருந்துவதால். 2019-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இலங்கைப் பழங்குடியினரான வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர் அவர்களின் தலைவர் வன்னில அத்தோ. அங்கே ‘உடைமை’ என்ற பேச்சே கூசுகிறது. சட்டமும் இதைத் தனியாகத்தான் பார்க்கிறது. மேற்சொன்ன 1963 சட்டம் நடப்பில் இருக்கும்போதே, 2004-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் ஆயிரம் ஆண்டுக்கு உட்பட்ட உடல்களை ஒப்படைக்க அதே அருங்காட்சியகத்துக்கு வழிவிட்டது. 2006-இல் தாஸ்மானியப் பழங்குடியினரின் எரிசாம்பல் பொதிகள் இரண்டு அப்படித்தான் திரும்பின.

‘மனித எச்சங்கள்’ என்பதை மட்டும் விட்டுவிடுவோம். பறவை எச்சம் என்று வழங்கும் சொல்லை ஒருவர் பாட்டனுக்குச் சூட்ட முடியாது. ‘என்பு’ என்றால் முடியும் தோலும் விடுபடும். ‘முன்னோர் உடல்’ போதும். துண்டாக இருந்தாலும் அது உடல்தான்.

துண்டு என்பது நடைமுறையில் பெரிய சிக்கல். மண்டையோட்டுக்கு ஓர் எண், கீழ்த்தாடைக்கு வேறொரு எண் என்று பதிந்து, இரண்டும் வெவ்வேறு அறைகளில் கிடக்கும். நெற்றி எலும்பின் மேலேயே மசியால் எண் எழுதியிருப்பார்கள். அதை அழிப்பதா விடுவதா என்பதைச் சமூகத்தாரிடம் கேட்காமல் தொடக்கூடாது. எண்களை ஒன்றுசேர்க்காமல் அனுப்பினால் ஒருவரை இரண்டு முறை அடக்கம் செய்ய நேரும். இந்தப் பணிக்கு ‘உடலிணைப்பு’ என்றால் அறுவை மருத்துவம்போல் இருக்கிறது; ‘ஒருவராக்கல்’ சரிவருமா?

இன்னொன்று. பூச்சி அரிக்காமலிருக்க அந்நாளில் சடங்குப் பொருள்களில் ஆர்சனிக்கும் பாதரசமும் பூசினார்கள். அருங்காட்சியகத்தில் அது அடைபட்ட பொருள்; ஊருக்கு வந்தால் கையில் எடுப்பார்கள், முகத்தில் அணிவார்கள். அமெரிக்காவில் ஹோப்பிப் பழங்குடி மக்களுக்குத் திரும்பிய சடங்குப் பொருள்களில் இந்த நஞ்சு இருந்தது. கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானி ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் காட்டும். பூச்சியுருண்டையிலுள்ள நாப்தலீனைக் காட்டாது, அதற்கு வேறு ஆய்வு தேவை. ஆகவே பெட்டியோடு போகவேண்டிய தாளுக்கும் பட்டியலில் ஒரு வரி ஒதுக்குங்கள். ‘நச்சறிக்கை’ என்று முன்மொழிகிறேன்.